பத்திரம் பொய் சொல்லக் கற்ற கதை

திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஒரு வழக்கு. மணக்கோலத்தில் நின்ற நம்பியாரூரரை, 'உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை' என்று சொல்லி ஒரு கிழவர் இழுத்து வந்திருக்கிறார். ஆத்திரத்தில் ஆரூரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிட, கிழிந்தது படியோலைதான், மூல ஓலை தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். அவையோர் அதை வாங்கிப் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்தியைச் சற்று ஒதுக்கிவிட்டு, 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் தம் அடியார் புராணத்தில் காட்டும் ஆவண வழக்கமாக மட்டும் இதைப் படிக்கலாம். ஓலைக்கு வலுவைக் கொடுத்தவை எழுதியவர் கையும் சாட்சிகளும் ஊர் அவையின் சம்மதமும். அரசனுக்குக் காசு கட்டிய ஓலையா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இன்று வீடு விற்கும் எவரும் முதலில் எதிர்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். இடையில் நடந்தது வரி கூடிய கதை மட்டுமல்ல. பத்திரத்தின் நம்பகத்தையே முதலாக வைத்துத் தொடங்கிய ஒரு வரி, அந்த முதலையே தின்று தீர்த்த கதையும்கூட.

முத்திரைத் தீர்வை 1624இல் டச்சுக்காரர்கள் கண்ட உபாயம். இங்கிலாந்து அதை 1694இல் எடுத்துக்கொண்டது. பிரான்சோடு நடந்த போர்ச் செலவுக்காக நான்கே ஆண்டுகளுக்கு என்று சொல்லிப் போட்ட வரி அது. தற்காலிக வரிகளின் ஆயுள் எப்போதுமே கெட்டிதான். கிழக்கிந்தியக் கம்பெனி 1797இல் வங்காளத்திலும் 1808இல் சென்னை மாகாணத்திலும் முத்திரை ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. பல திருத்தங்களுக்குப் பின் அவை 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டமாக நிலைத்தன. வீட்டு வாசலில் தண்டல்காரர் வந்து நிற்க வேண்டாம், கணக்குப் பிள்ளை வேண்டாம், ஜப்தி வேண்டாம் என்பதே இந்த வரியின் சாமர்த்தியம். அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு ஒன்று போதும்: உரிய முத்திரையில்லாத ஆவணத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது, ஏற்க வேண்டுமானால் குறைவுத் தீர்வையோடு பத்து மடங்கு வரை அபராதம் கட்ட வேண்டும். வரி கட்டாதவனைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக, அவன் பத்திரத்தை ஊமையாக்கிவிட்டார்கள். 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு, நிலத்தைப் பதிவு செய்த பத்திரத்தால்தான் கிரயம் செய்ய முடியும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், தப்பிக்கும் வழி அநேகமாக அடைபட்டது.

அநேகமாகத்தான். கிரயப் பத்திரத்துக்கான தீர்வை, அதில் எழுதிய தொகையின் மீதே கணக்கிடப்பட்டது. அந்தத் தொகையை எழுதியவர்கள் வாங்குபவரும் விற்பவரும். குறைத்து எழுதினால் வாங்குபவருக்குத் தீர்வை மிச்சம், விற்பவருக்கு வருமான வரி மிச்சம். ஊமையாகாமல் இருக்க முத்திரை போதும், உண்மை தேவையில்லை என்பதைப் பத்திரம் விரைவிலேயே கற்றுக்கொண்டது. இதைத் தடுக்கத் தமிழகம் கண்ட வழிதான் 1967ஆம் ஆண்டுத் திருத்தம். அதில் வந்த 47-ஏ பிரிவு, எழுதிய விலையை நம்பாவிட்டால் பத்திரத்தை ஆட்சியருக்கு அனுப்பிச் சந்தை மதிப்பை முடிவுசெய்யச் சொல்லும் அதிகாரத்தைப் பதிவு அலுவலருக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பத்திரத்தையும் விசாரிப்பது நடக்கிற காரியமா? தெருவாரியாக, சர்வே எண்வாரியாக வழிகாட்டி மதிப்புப் பட்டியல் வந்தது. இந்தப் பட்டியல் ஒரு கைகாட்டி மட்டுமே, அதுவே சந்தை மதிப்பாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1990களிலேயே சொல்லிவிட்டது. சார்பதிவாளர் அலுவலக வழக்கம் வேறு. 'கைடுலைன் என்ன?' என்று கேட்டுத்தான் பத்திர எழுத்தர் பேனாவை எடுக்கிறார். பட்டியல் விலை சந்தை விலைக்குக் கீழே இருக்கும் தெருவில், பொய்யின் அளவைக்கூட அரசே நிர்ணயித்துக் கொடுத்ததுபோல ஆயிற்று.

மக்கள் எப்படியும் பொய்தான் எழுதுவார்கள், அரசு வேறென்ன செய்யும் என்று கேட்கலாம். பத்திரத்தில் எழுதாத தொகை கறுப்புப் பணமாகிறது; அந்தப் பணத்துக்கு வேறு ஊற்றுகளும் உண்டு என்பது உண்மையே. ஆனால் அந்தப் பட்டியலை அரசு எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கியது. 5 சதவீத முத்திரைத் தீர்வையும் உள்ளாட்சிகளுக்குப் போகும் 2 சதவீத மேல்வரியும் அப்படியே இருந்தன. முன்பு 100 ரூபாய் மதிப்புக்கு 8 ரூபாய். பின்பு 67 ரூபாய் மதிப்புக்கு 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கியபோது 9 ரூபாய். ஒரே இரவில் ஊரின் நிலமெல்லாம் மூன்றில் ஒரு பங்கு மலிந்து, ஆறு ஆண்டு கழித்து ஒரே காலையில் மீண்டும் ஏறிக்கொண்டது என்று யாரும் நம்பமாட்டார்கள். விலை என்ற பெயரில் அங்கே எழுதப்பட்டது வருவாய்க் கணக்கு.

இது வரியல்ல, சொத்துரிமைக்குப் பாதுகாப்புத் தருவதற்கான கூலி என்பது இன்னொரு வாதம். அப்படியானால் பாதுகாப்பு எங்கே? நம் நாட்டில் பதிவாவது பத்திரம், உரிமை அல்ல. பதிவு செய்துகொடுத்த அரசு, விற்றவருக்கு உரிமை இருந்தது என்று பொறுப்பேற்பதில்லை. அதனால்தான் மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று வாங்குபவர் அலைகிறார். செலவு கனத்தபோது சிலர் பவர் பத்திரத்தோடு நின்றுகொண்டார்கள். அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியது. அடுக்குமாடிகளில் மனையின் பிரிபடாத பங்கை மட்டும் கிரயம் எழுதி, கட்டடத்துக்குத் தனியாக ஒப்பந்தம் போட்டார்கள். குடியிருக்கப் போகும் வீடே பத்திரத்தில் இல்லை! 2023 டிசம்பரில் மனையையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறை வரும்வரை இதுதான் நடைமுறை.

தீர்வை கட்டுவது வாங்குபவர்தானே, விற்பவருக்கு என்ன கவலை? முத்திரைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் வேறு ஒப்பந்தம் இல்லாத வரை வாங்குபவர் பொறுப்பு என்றே சொல்கிறது. ஆனால் பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776இலேயே இந்த எண்ணத்தை மறுத்துவிட்டார். நிலத்தையும் பழைய வீட்டையும் விற்பவர் பெரும்பாலும் நெருக்கடியில் விற்கிறார், வாங்குபவரோ தீர்வையையும் சேர்த்துக் கணக்கிட்டே விலை கேட்பார், ஆகவே சுமை விற்பவர் தலையில்தான் என்பது அவர் வாதம். கட்டியவர் செலவை மீட்டே ஆகவேண்டிய புது வீட்டுக்கு மட்டும் அவர் இதை மாற்றிச் சொன்னார். விற்பவரை இந்தியச் சட்டம் நேராகவே பிடித்தது 2003 ஏப்ரலில். வருமான வரிச் சட்டத்தில் புகுந்த 50சி பிரிவின்படி, விற்ற விலை முத்திரை மதிப்புக்குக் குறைவாக இருந்தால் முத்திரை மதிப்பே விற்ற விலையாகக் கொள்ளப்படும். சிறு வித்தியாசத்துக்கு முதலில் 5, பிறகு 10 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள். கிராக்கி விழுந்த தெருவில் நிஜமாகவே குறைந்த விலைக்கு வீட்டைக் கொடுத்தவர், கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்ட நேரும். மதிப்பீட்டு அலுவலரிடம் முறையிட வழி இருக்கிறது என்பது சரி; ஆனால் உண்மை எழுதியதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு இப்போது அவருடையது.

இந்தக் கணக்கு கடைசியாகத் தீர்வது நிலம் எடுப்பில். 1894ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் கீழ் இழப்பீடு முடிவானபோது, பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திரங்களையே நீதிமன்றங்கள் பெரிதும் பார்த்தன. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் முத்திரை மதிப்பு, முந்தைய 3 ஆண்டுக் கிரயங்களில் அதிக விலை காட்டிய பாதியின் சராசரி ஆகியவற்றை வைத்தே சந்தை மதிப்பைக் கணிக்கிறது. அதற்கு மேல் 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு என்றாலும், பெருக்குவதற்கு எடுக்கும் எண் அதேதான். சாலைக்காக வயலை இழப்பவர் இது சந்தை விலையே அல்ல என்று முறையிடும்போது, அலுவலர் எடுத்துக் காட்டுவது அடுத்த வயலின் பத்திரத்தை. அதில் விலை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருக்கிறது.