கூட்டம் காணாமல் போன தெரு

இன்னைக்கு ஒரு காலித் தெருவுல இருந்து ஆரம்பிக்கிறேன். பாரிஸ், 1838. லூயி டாகேர் உயரமான ஒரு ஜன்னல்ல கேமராவை வைத்து, கீழே இருந்த புல்வார் து தாம்ப்ல் சாலையைப் படம் எடுக்கிறார். ஆளும் குதிரை வண்டியுமா நெரியுற சாலை அது. படத்துல ஒரு குதிரைகூட இல்ல.

காரணம் எளிது. அவருடைய வெள்ளித் தகட்டுல உருவம் பதிய பல நிமிஷம் ஆகும். நடந்துபோனவங்க யாரும் தடயம் விடுற அளவுக்கு ஒரே இடத்துல நிக்கல. ஒருத்தர் மட்டும் ஓரமா நின்னு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தார். அவர் பதிஞ்சுட்டார். தந்தியால பேர் வாங்கின சாமுவேல் மோர்ஸ் 1839ல இந்தப் படத்தைப் பார்த்துட்டு, அந்த ஒத்தை மனுஷனைப் பத்தி அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். பாலிஷ் போட்ட தொழிலாளி கையை ஆட்டிக்கிட்டே இருந்ததால மங்கலாத்தான் தெரியுறார். வேலை செஞ்சவர் மங்கல், காலை நீட்டினவர் தெளிவு. எனக்கு அது எப்பவும் கொஞ்சம் உறுத்தும்.

டாகேருக்கு வேற வழி இல்ல. ஆனா 1870களுக்கு அப்புறம் ஜெலட்டின் தகடுகள் வந்து, நொடிக்கும் குறைவான நேரத்துல படம் எடுக்க முடிஞ்சது. அதுக்கப்புறம் பட்டப்பகல்ல மெதுவா எடுக்கணும்னா வெளிச்சத்தைத்தான் குறைக்கணும். அதுக்குத்தான் என்டி ஃபில்டர். லென்ஸுக்குப் போடுற கூலிங் கிளாஸ்னு வெச்சுக்கோங்க. நிறத்தை மாத்தாம வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். 10 ஸ்டாப் ஃபில்டர் சுமார் ஆயிரத்துல ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். 1/60 விநாடி தேவைப்பட்ட காட்சிக்கு இப்போ சுமார் 17 விநாடி.

இந்தக் கணக்கை நம்பி ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். கழுவிப் பார்த்தா நெகட்டிவ்ல ஏதோ புகை படிஞ்ச மாதிரி இருந்ததே தவிர, படம்னு சொல்ல ஒண்ணுமில்ல.

என்ன தப்புன்னு தேடினப்போ வந்து நின்ன பேர் கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட். கருந்துளைக் கணிதத்துல வருவாரே, அவரேதான். 1890களின் கடைசியில வியன்னாவின் குஃப்னர் வானாய்வகத்துல நட்சத்திரங்களைப் படம் எடுத்தப்போ அவர் ஒண்ணைக் கவனிச்சார். வெளிச்சம் பாதியானா நேரத்தை இரட்டிப்பாக்கினா போதும்ங்கிற விதி, மங்கலான ஒளியில நீண்ட நேரம் எடுக்கும்போது பலிக்கல. ஃபிலிம் சோர்ந்துபோகுதுன்னு வெச்சுக்கலாம். இதுக்குப் பேர் ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர். இல்ஃபோர்ட் தர்ற கணக்குப்படி எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு அந்த 17 விநாடி சுமார் 40 ஆகும். டிஜிட்டல்ல இந்தத் தொல்லை இல்ல, தப்பினா உடனே திரையில தெரிஞ்சிடும். ஃபிலிம்ல கழுவினாத்தான் தெரியும்.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு எதுக்கு மெதுவா எடுக்கணும்? அருவியைப் பட்டு மாதிரி காட்டத்தான்னா எனக்குப் பெரிய ஆர்வம் இல்ல. நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற படம் வேற. 1992, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். சோவியத் யூனியன் உடைஞ்சு சில மாசம். கடைகள் காலி, விலை எகிறுது. அலெக்ஸி டிடாரென்கோ ஒரு மெட்ரோ நிலைய வாசல்ல கேமராவை ஸ்டாண்டுல நிறுத்தி ஷட்டரைத் திறந்து வைக்கிறார். படியேறுற ஜனக்கூட்டம் முகமே இல்லாத புகையா ஆயிடுது. டாகேர் படத்துல மாதிரி முழுசா மறையல, அந்த அளவுக்குத்தான் நேரம் கொடுத்திருக்கார்.

அந்தப் புகைக்கு நடுவுல, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிச்சிருக்கிற சில கைகள் மட்டும் தெரியுது.