வண்டல் வார ஒரு வாரியம்!

காவாந்தண்டலம் பக்கம் தோட்டத்தில் சின்னதாக ஒரு குட்டை வெட்டி, நாலு மீனும் விட்டிருக்கிறீர்களா? இரண்டே கோடையில் தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகியிருக்குமே! கடையில் மயில்துத்தம் வாங்கிவந்து போட்டிருப்பீர்கள். பாசி செத்தது. சந்தோஷம். கொஞ்ச நாளில் மறுபடி பச்சை!

செத்த பாசி எங்கே போகும்? அடியில் படிந்து அழுகி, தன்னிடமிருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தண்ணீருக்கே திருப்பித் தருகிறது. புதுப் பாசிக்கு அதுதான் விருந்து. அழுகும்போது ஆக்சிஜனையும் குடித்துவிடுவதால் மீன்கள் பாடு திண்டாட்டம். ஆக, நாம் மேலே பார்த்துத் திட்டுகிறோம். வில்லன் அடியில் வண்டலாகக் கிடக்கிறான்.

இந்த வண்டலோடு மல்லுக்கட்டிய கதை உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இருக்கிறது. ஊர்ப் பெரிய ஏரியின் பெயர் வைரமேக தடாகம். பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர் அது. தூர்வாரும் செலவுக்கு என்ன வழி? தானமாக வந்த பொன்னை ஊர்ச்சபை வாங்கி வைத்துக்கொண்டது. அசலைத் தொடாமல், வட்டியில் வேலை. நம்ம பேங்க் டெபாசிட் மாதிரிதான்!

மேற்பார்வைக்கு ஏரி வாரியம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) இதற்கு 6 பேர் என்கிறது. பதவிக்காலம் 360 நாள். 30 குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் தேர்வு. வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலமும் வேதப் படிப்பும் வேண்டும். அதனால் பெண்களுக்கும் நிலமில்லாத ஏழைகளுக்கும் ஓலையில் இடமில்லை. ஆனால் ஒரு விதி சூப்பர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் திரும்பப் போட்டியிட முடியாது. அவன் சொந்தக்காரர்களுக்கும் அதே கதிதான்!

அவர்களுடைய கவலை பாசனம். பாசியை நினைத்து அவர்கள் மண் அள்ளவில்லை. ஆனாலும் வண்டல் கரையேறும்போது பாசியின் சாப்பாடும் கூடவே கரையேறிவிடுகிறது.

உங்கள் குட்டைக்கும் அதே வைத்தியம்தான். கோடையில் தண்ணீர் வற்றும்போது வண்டலை அள்ளி வாழைக்குப் போடுங்கள். தொழுவம் கழுவிய தண்ணீரும், எரு கரைந்த மழைத்தண்ணீரும் உள்ளே வராமல் ஒரு வரப்பு கட்டுங்கள். மீனுக்குத் தீனியை அளவோடு போடுங்கள். அடுத்த வருஷமும் இதையே செய்யுங்கள்.

அந்த ‘அடுத்த வருஷமும்’ இருக்கிறதே, அதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். உத்திரமேரூர்க்காரர்கள் அதற்காகவே பொன்னை முதலாகப் போட்டு வைத்தார்கள்!