கிண்டியும் மஞ்சப்பையும்: ஒரு துணிப்பை போன வழியும் திரும்பி வந்த வழியும்

கிண்டியில், அண்ணா சாலையின் 76ஆம் எண் கட்டடத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. வாரியம் 1982 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. அங்கிருந்து அதிக தூரமில்லாத திரு.வி.க. தொழிற்பேட்டையில், 1968இல் மத்திய பிளாஸ்டிக் பொறியியல் நிறுவனமாகத் தொடங்கிய சிப்பெட் இருக்கிறது. பிளாஸ்டிக்கை வார்க்கவும் அதற்கு அச்சு வடிவமைக்கவும் நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த இடமும், அதன் பயன்பாட்டைக் குறைக்கத் திட்டமிடும் இடமும் ஒரே வட்டாரத்தில் அமைந்துவிட்டன. மஞ்சப்பை என்ற எளிய பொருள் தமிழர் கையைவிட்டு எப்படிப் போனது, காலநிலைச் செயல்பாட்டின் அடையாளமாக எப்படித் திரும்பியது என்பதை இந்த அயலிருப்பிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் உருவானது. அதற்குப் பெயர் தந்த திரு.வி.க., 1918இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களிடையே பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். நெசவாலைத் தொழிலாளருக்காக உழைத்தவரின் பெயரைத் தாங்கிய இடத்திலேயே பிளாஸ்டிக் கல்வி வேரூன்றியது. அந்தக் காலத்தில் அதில் தவறு காண ஒன்றுமில்லை. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரிக்கு முன்னால் வரிசையில் நின்ற வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்களை நினைத்துப் பாருங்கள். பித்தளைக் குடத்தின் கனத்திலிருந்து பெண்களின் இடுப்பை விடுவித்தது அந்தக் குடம்தான். அது ஆண்டுக்கணக்கில் உழைத்தது. விரிசல் விட்டால் சூடு வைத்து ஒட்டினார்கள், அதற்கும் மேல் போனால் செடி வைத்தார்கள். பொருள் பிளாஸ்டிக்தான், ஆனால் அதைப் பலமுறை பயன்படுத்தும்படியாக அதன் வடிவம் இருந்தது. காய்கறிக் கடையில் நாம் 'ஒரு கவர் குடுங்க' என்று கேட்டு வாங்கும் பை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதன் பயன் கடையிலிருந்து வீடு வரைதான்.

அந்தக் கவரும் ஒரு தேர்ந்த வடிவமைப்பாளரின் படைப்புதான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்வீடனில் செலோபிளாஸ்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டென் குஸ்தாஃப் துலின், ஒரே குழாய்ப் படலத்தை மடித்து, ஒட்டி, வெட்டிக் கைப்பிடியுடன் பை ஆக்கும் முறையை உருவாக்கினார். அமெரிக்காவில் அதற்கு 1965இல் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரம் வெட்டப்படுவதற்கு மாற்றாகவும், திரும்பத் திரும்பப் பயன்படுவதாகவும் அதை அவர் கருதினார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை யாரும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதில்லை. வடிவமைத்தவரின் எண்ணம் ஒன்றாக இருக்க, விலையும் வழக்கமும் அதை வேறொன்றாக ஆக்கிவிட்டன.

இனி மஞ்சப்பைக்கு வருவோம். விசைத்தறியில் நெய்த காடாத் துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்றி, ஓரம் மடித்துத் தைத்து, அதே துணியில் இரண்டு காது வைத்தால் பை தயார். மேலே ஜவுளிக்கடையின் பெயர், அல்லது மணமக்களின் பெயரும் திருமண நாளும் அச்சாகியிருக்கும். நிறத்துக்குக் காரணம் மங்கலம். வெள்ளைத் துணியைவிட மஞ்சள் அழுக்குத் தாங்கும் என்பது உடன் வந்த நன்மை. கல்யாண வீட்டிலிருந்து தேங்காயும் வெற்றிலையும் சுமந்து வந்த தாம்பூலப் பை, பிறகு ரேஷன் கடைக்குப் போகும். பத்திரங்களையும் குடும்ப அட்டையையும் உள்ளே வைத்துப் பரணில் ஏறும். துவைக்கலாம், தைக்கலாம், சுருட்டி அக்குளில் வைத்துக்கொள்ளலாம். இதை வடிவமைத்தவர் இன்னாரென்று சொல்ல முடியாது. பல தலைமுறைகளின் கைகள் சேர்ந்து தீர்மானித்த வடிவம் அது.

துணி கிழிந்ததால் அது வழக்கொழியவில்லை. அதைக் கையில் வைத்திருப்பது வெட்கமாகிப் போனதே காரணம். மஞ்சப்பையோடு எழும்பூரில் இறங்குபவர் பட்டிக்காட்டவர் என்ற படிமத்தைத் திரைப்படமும் பேச்சும் சேர்ந்து வளர்த்தன. நகரத்துப் பேரன் வீட்டுக்கு வரும் கிராமத்துத் தாத்தாவின் கதைக்கு 2014இல்கூட 'மஞ்சப்பை' என்றுதான் பெயர் வைக்க முடிந்தது. கவர் மலிவு என்பது உண்மை. ஆனால் வெறுங்கையோடு கடைக்குப் போவது நாகரிகம் என்ற எண்ணம் அந்த மலிவைவிட வலியது என்பதே என் கணிப்பு.

விளைவுகள் கிண்டியிலேயே கண்ணில் பட்டன. கிண்டிக் காட்டை ஒட்டி இறந்த புள்ளிமான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாகச் செய்திகள் பலமுறை வந்தன. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்ததற்கு மழையும் ஏரித் திறப்பும் நீர்வழிகள் சுருங்கியதுமே முதன்மைக் காரணங்கள். என்றாலும் வடிகால் வாய்களை அடைத்த கவர்களைத் தெருவாசிகள் கையால் வாரி எடுக்க வேண்டியிருந்தது. காலநிலையோடு இதற்குள்ள தொடர்பு இன்னும் ஆழமானது. ஏறத்தாழ எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் மூலம் புதைபடிவ எரிபொருளே. 2019இல் உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 3.4 விழுக்காடு பிளாஸ்டிக்கின் வாழ்நாள் சுழற்சியிலிருந்து வந்தது என்கிறது பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் மதிப்பீடு.

அரசின் முயற்சிகளில் முன்னோடி நீலகிரி. 2000ஆம் ஆண்டையொட்டி ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு அங்கே பிளாஸ்டிக்குக்கு எதிரான இயக்கத்தை முன்னெடுத்தார். மாநிலம் முழுமைக்குமான தடை 2018 ஜூன் 5 அன்று அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்கு நடைமுறைக்கு வந்தது. பை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடை உண்டு. சட்டம் வந்தும் கவர் போகவில்லை. கடைக்காரரின் மேசைக்கு அடியில் பதுங்கியது. கையில் மாற்று இல்லாத மனிதரிடம் சட்டம் மட்டும் பேசினால் அப்படித்தான் நடக்கும்.

2021 டிசம்பர் 23 அன்று கலைவாணர் அரங்கில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின் நுட்பம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அப்போது சுற்றுச்சூழல் துறைச் செயலாளராக இருந்தவரும் சுப்ரியா சாகுதான். புதுச் சின்னம் தேடாமல், எது ஏளனத்துக்கு ஆளானதோ அதையே எடுத்து அவையில் முன்வைத்தார்கள். பெயரில் 'துணிப்பை' இல்லை, 'சூழல் காப்பு' இல்லை. வீட்டுப் பேச்சில் புழங்கும் 'மஞ்சப்பை' அப்படியே வந்தது. முன்னொட்டான 'மீண்டும்' என்ற ஒற்றைச் சொல், இது புதிதாகக் கற்கவேண்டிய ஒழுக்கமல்ல, நாம் அறிந்த பழக்கம்தான் என்று சொல்லிவிட்டது. எந்த விளக்கத் துண்டறிக்கையும் செய்திருக்க முடியாத வேலை அது. 2022இல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பை தரும் தானியங்கி இயந்திரம் வைக்கப்பட்டது. பை மறந்து வந்தவர் தடுமாறும் இடமும் நேரமும் எதுவோ அங்கேயே தீர்வை வைத்ததால், இதையும் நல்ல வடிவமைப்பென்றே சொல்வேன். பை தைக்கும் வேலை மகளிர் குழுக்களுக்கும் வருமானமானது.

ஆனால் பருத்திக்கும் ஒரு கணக்கு உண்டு. பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும்; நூற்க, நெய்ய, சாயமேற்ற ஆற்றல் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பை 131 முறை பயன்பட்டால்தான், ஒருமுறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவாகப் பங்களிக்கும். டென்மார்க்கின் 2018ஆம் ஆண்டு ஆய்வு காலநிலை அளவில் 52 முறை என்றது. நீர், ஓசோன் படலம் முதலிய எல்லா அளவுகளையும் சேர்த்தால் 7,100 முறை. இந்த எண்களைக் காட்டித் துணிப்பை வீண் என்போர் உண்டு. எனக்கு அவை வேறொன்றைச் சொல்கின்றன. வாரம் இருமுறை கடைக்குப் போகும் வீட்டில் 131 என்பது ஒன்றேகால் ஆண்டு. பரணில் ஏறிய தாம்பூலப் பைகள் அதைவிட நெடுநாள் உழைத்தன. பழைய வேட்டியிலிருந்தோ கிழிந்த பாவாடையிலிருந்தோ தைத்த பைக்குப் புதுப் பருத்தியின் சுமையே இல்லை. மாறாக, ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஆளுக்கொரு புதுப் பை கொடுத்து, அது அலமாரியில் தூங்கினால், இயக்கம் தன்னையே தோற்கடிக்கும். எத்தனை பை கொடுத்தோம் என்பதைவிட, ஒரு பை எத்தனை முறை கடைக்குப் போனது என்பதைக் கணக்கெடுக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து நிறத்திலேயே ஒளிந்திருக்கிறது. சந்தையில் மஞ்சளாக, துணிபோலவே தோன்றும் பல பைகள் நெய்யப்பட்டவையே அல்ல. பாலிபுரோப்பிலீன் இழைகளைச் சூட்டால் ஒட்டிய தாள் அது. நான்-வோவன் என்பார்கள். மாநிலத் தடையில் இதுவும் அடங்கியிருந்தது. தடையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 அக்டோபரில் நீதிமன்றம் காகிதக் குவளைகள் மீதான தடையை ஏற்றுக்கொண்டது, சதுர மீட்டருக்கு 60 கிராம் (ஜி.எஸ்.எம்.) எடைக்கு மேற்பட்ட நெய்யாத பைகளை அனுமதிக்கும் மத்திய விதிகளின் வெளிச்சத்தில் அவற்றின் மீதான தடையை மறுபரிசீலனை செய்யுமாறு மாநில அரசிடம் சொன்னது. சட்டத்தின் நோக்கில் இது எடையும் தடிமனும் பற்றிய கேள்வி. வடிவமைப்பின் நோக்கில் பார்த்தால், சின்னத்தின் நிறம் மட்டும் மிஞ்சி, அதன் உடல் கைமாறிப் போகும் அபாயம். வெயிலில் கிடந்தால் நெய்யாத பை பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கும். நெய்த பை கிழிந்தால் கரித்துணியாகும்.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை. பையின் வெட்டு விளிம்பில் ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் போதும். நெய்த துணியில் நூல் நீளமாக உருவிக்கொண்டு வரும். மற்றதில் உருவுவதற்கு நூலே கிடையாது.