இரண்டாவது வாயில்

கணிப்பொறியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் விரைவையும் நினைவாற்றலையுமே விரித்துரைப்பர். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கணிப்பொறியை ஆள்வோர் அதற்கு ‘நில்’ என்றும் ‘தொடங்கு’ என்றும் ஆணையிடுவதற்கு ஓரிடம் உண்டு. அதனைக் கன்சோல் என்பர். ஒரு நிறுவனத்தின் கணக்கு, சம்பளம், சரக்கு ஆகிய யாவும் கணிப்பொறிக்குள் இருக்கும்போது, அந்த வாயில் அடைபட்டுவிட்டால் என் செய்வது? இவ்வினாவிற்கு மனிதர் கண்ட விடைகளே இவ்வுரையின் பொருளாகும்.

1951-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திவந்த லயன்ஸ் நிறுவனம், தானே அமைத்த லியோ என்னும் பொறியைக் கொண்டு தன் ரொட்டிக் கூடங்களின் கணக்கைப் போட்டது. வணிக உலகில் கணிப்பொறி அடியெடுத்து வைத்தது அப்போதுதான். 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், லூயிவில் நகரத் தொழிற்சாலையின் சம்பளக் கணக்கை யூனிவாக் பொறியிடம் ஒப்படைத்தது. விளக்குகளும் விசைகளும் தட்டச்சுப் பொறியும் கொண்ட மேசையின் முன் ஓர் இயக்குநர் அமர்ந்திருப்பார். ஆணையிடும் மேசைக்கும் பொறிக்கும் இடையே சில அடித் தொலைவே இருந்தது. ஆதலின் வாயிலைப் பற்றிய கவலை அன்று பெரிதாக எழவில்லை.

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. ஒரே பொறி பல பணிகளை ஏற்றுச் செய்யும் காலம் வந்தது. இயக்குநரின் தட்டச்சுக் கன்சோல் பழுதுற்றால் அத்தனை பணிகளும் மேய்ப்பனில்லா மந்தையாகும். இதனை உணர்ந்தோர் அப்பொறியின் இயக்க மென்பொருளில் மாற்றுக் கன்சோலுக்கு வழி வகுத்தனர். முதற் கன்சோல் செயலற்றுப் போனால், இயக்குநர் பொறியின் முகப்பிலுள்ள ஒரு விசையை அழுத்துவார். ஆணையிடும் உரிமை மற்றொரு கன்சோலுக்கு மாறிவிடும். கெட்டுப்போன கன்சோலின் உதவியை அந்த விசை நாடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இவ்வுரையின் உயிர்நாடி அதுவே.

1988-ஆம் ஆண்டு சூன் திங்களில் அதே நிறுவனம் நடுத்தர வணிகர்களுக்காக ‘ஏ.எஸ். 400’ என்னும் பொறியை வெளியிட்டது. முழுமையாகப் படியெடுத்து வைத்தல் போன்ற பெரும் பணிகளுக்கு முன்னர், அப்பொறியை வரையறுக்கப்பட்ட நிலைக்குக் கொணர்வர். அந்நிலையில் ஏனைய முனையங்கள் யாவும் ஓய்ந்துவிடும். கன்சோல் ஒன்றே பேசும். அவ்வேளையில் கன்சோலும் வாய் மூடிவிட்டால், உள்ளே இருப்பவை பழுதின்றி இருந்தும் உரிமையாளர் வெளியே நிற்க வேண்டியதுதான். பிற்காலத்தில் அலுவலக வலையமைப்பு வழியாகவே கன்சோலை இணைக்கும் முறை வந்தது. வசதி பெருகியது, அதனுடன் ஓர் இடரும் புகுந்தது. வலையமைப்பு அறுந்தால் கன்சோலும் உடன் மறையுமன்றோ? எனவே வேறு வகை இணைப்புடைய மாற்றுக் கன்சோல் ஒன்றை முன்கூட்டியே திட்டமிடுதல் இன்றியமையாததாயிற்று.

1998-இல் இன்டெல் முதலிய நிறுவனங்கள் ஐ.பி.எம்.ஐ. என்னும் பொது முறையை வகுத்தன. இதன்படி, கணிப்பொறிப் பலகையிலேயே ஒரு சிறு காவற்பொறி தனியே அமைந்திருக்கும். முதன்மைப் பொறி உறங்கினாலும், மின்சாரம் உள்ளவரை இச்சிறுபொறி விழித்திருக்கும். நெடுந்தொலைவிலிருந்தும் அதனை அழைத்துப் பெரும்பொறியை எழுப்பலாம். ஆயினும் அழைப்புச் செல்லும் பாதை எது என்ற வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவின் கடுமையை இரு நிகழ்ச்சிகள் உலகுக்குக் காட்டின. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், பேஸ்புக் நிறுவனத்தார் பராமரிப்பின்போது பிறப்பித்த ஓர் ஆணை, அவர்களுடைய கணிப்பொறி நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டது. தவறான ஆணைகளைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் பிழை இருந்தது. வழக்கமான பாதை மூடியது. அவசரத்திற்கென வைத்திருந்த தனிப்பாதையும் பயன்படவில்லை. பெயர்களை முகவரிகளாக மாற்றும் ஏற்பாடு மறைந்ததால் உட்கருவிகளும் முடங்கின. பொறியாளர்களை நேரில் அனுப்பினர். அயலார் நுழையாதபடி அரண் செய்யப்பட்ட கட்டடங்கள் அவர்களையும் தாமதப்படுத்தின. ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழிந்த பின்னரே சேவை மீண்டது.

அடுத்தது கனடா நாட்டில் நிகழ்ந்தது. 2022-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், ராஜர்ஸ் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நடு வலையமைப்பு, மேம்பாட்டுப் பணியின்போது நிலைகுலைந்தது. அதன் வாடிக்கையாளர் 1 கோடியே 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர். வங்கி அட்டைகள் செல்லவில்லை. 911 என்னும் ஆபத்துதவி எண்ணைக்கூடப் பலரால் அழைக்க இயலவில்லை. பழுது நீக்க வேண்டியவர்கள் பொறிகளை அணுகும் மேலாண்மைப் பாதையும் அதே நடு வலையமைப்பையே சார்ந்திருந்தது. பணியாளர்கள் தம் நிறுவனத்துத் தொலைபேசியையே நம்பியிருந்தமையால், ஒருவரோடொருவர் கலந்து பேசுவதும் தொடக்கத்தில் அரிதாயிற்று. இதன் பின்னரே மேலாண்மைப் பாதையைத் தனியே பிரிக்கும் பணியை அந்நிறுவனம் மேற்கொண்டது.

இவ்விரண்டிலும் நாம் காண்பது ஒன்றே. கதவுகள் இரண்டு இருப்பினும், அவற்றைத் தாங்கும் சுவர் ஒன்றேயானால், சுவர் விழும்போது இரண்டும் விழும். ஆகவே மாற்று வாயிலைத் திட்டமிடுவோர் முதற்கண் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது எவற்றைச் சார்ந்து நிற்கிறது?’ என்பதாகும். பாதை வேறா? மின்சாரம் வேறா? கடவுச்சொல், பழுதுற்ற பொறியின் உதவியின்றியே கிட்டுமா? நள்ளிரவில் அதனைத் திறக்கத் தெரிந்தவர் அருகில் உண்டா? இவற்றிற்கான விடையைத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். பொறிக்குள் எழுதி வைத்தால் தேவைப்படும் நேரத்தில் படிக்க முடியாது.

இரண்டாவது வாயில் கள்வனுக்கும் வாயிலாகலாம் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. கன்சோலைக் கைப்பற்றியவன் எல்லாவற்றையும் கைப்பற்றியவன். பேஸ்புக் நிறுவனத்தார் தம் அரண்கள் மீட்பைத் தாமதப்படுத்தியதை ஒப்புக்கொண்டும், அன்றாடப் பாதுகாப்பின் பொருட்டு அவ்விலை தகும் என்றே கூறினர். எனவே மாற்று வாயிலுக்கும் உறுதியான பூட்டு வேண்டும். அதன் சாவி யாரிடம் உள்ளது என்ற தெளிவும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. அந்நிறுவனத்தார் பெரும் பழுதுகளைச் செயற்கையாக உண்டாக்கி ஒத்திகை பார்த்து வந்தவர்கள். சேவையைப் படிப்படியாக மீட்க அப்பயிற்சி பெரிதும் உதவியது. எனினும் முதுகெலும்பே அறும் நிலையை அவர்கள் அதற்கு முன் ஒத்திகை பார்த்ததில்லை. தாகம் எடுத்த பின் கிணறு வெட்டலாகாது என்பது நம்மவர் முதுமொழி. வெட்டிய கிணற்றில் நீர் ஊறுகிறதா என்று அவ்வப்போது இறைத்துப் பார்ப்பதும் கடமையே. உங்களுள் பலர் நாளை வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் கணிப்பொறிகளைக் காக்கும் பொறுப்பை ஏற்பீர்கள். பொறுப்பேற்கும் முதல் வாரத்திலேயே மாற்று வாயில் எங்குள்ளது என்று கேளுங்கள். கேட்டதோடு அமையாது, உங்கள் கையாலேயே ஒரு முறை அதனைத் திறந்து பாருங்கள்.