அய்யாவின் சுருட்டும் பேரனின் டேங்க்கும்

இந்த இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. வீட்டுல வேப் பிடிக்கிற தம்பி யாராவது இருந்தா அவரையும் படிக்கச் சொல்லுங்க.

காரைக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருத்தர். துபாயில் வேலை, லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) மூணு வாரமா வறட்டு இருமல், அப்பப்ப படபடப்பு. நெஞ்சில் ஸ்டெத் வெச்சுப் பார்த்தேன், ஈசிஜி எடுத்தேன். பயப்படும்படி எதுவும் இல்லை.

"சிகரெட் உண்டா?"ன்னு கேட்டேன்.

பாக்கெட்டில் இருந்து சின்ன ஸ்டீல் குப்பி மாதிரி ஒண்ணை எடுத்து மேஜையில் வெச்சார்.

"சிகரெட்டை விட்டுட்டேன் சார். இது வேப் டேங்க். ரீபில்டபிள். காயில், பஞ்சு எல்லாம் நானே மாத்திக்குவேன். அதுவும் மௌத் டு லங் டைப், புகை கம்மிதான். எங்க அய்யா 84 வயசு வரைக்கும் சுருட்டு குடிச்சார், ஒண்ணும் ஆகல. இது அதைவிட சேஃப்தானே?"

இந்தக் கேள்விக்கு ரெண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனா அதுக்குள்ள ஒரு பெரிய வரலாறு ஒளிஞ்சிருக்கு. அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல அய்யாவோட சுருட்டு.

அது நம்ம சொல். இலையைச் சுருட்டுறதால சுருட்டு. அதுவே ஆங்கிலத்துக்குப் போய் 'செரூட்' ஆச்சு. திருச்சி உறையூர்ச் சுருட்டு கடல் கடந்து பேர் வாங்கினது. 1887ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கீழே கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் குடிச்சது திருச்சிச் சுருட்டுன்னு ஹோம்ஸ் சொல்லிடுவார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனிக்குச் சுருட்டு ஆலையே இருந்தது.

செட்டிநாட்டுக்கு பர்மா வழியாவும் ஒரு தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இருந்து நகரத்தார் கொண்டுவிக்கப் போன தேசம் அது. 1930களின் பெருமந்தத்தில் கொடுத்த கடன் திரும்பாம, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் சுமார் கால்வாசி அவங்க கைக்கு வந்துச்சு. 1942ல் ஜப்பான் படை நுழைஞ்சதும் அத்தனையும் விட்டுட்டு ஓடிவரும் நிலைமை. அந்த பர்மாவில் ஆம்பளை பொம்பளை பேதமில்லாம சுருட்டு குடிப்பாங்க. தம்பியோட அய்யாவுக்கே இந்தப் பழக்கம் அவர் அப்பாகிட்ட இருந்து வந்ததாம். அவர் மோல்மீனில் ஒரு கடையில் அடுத்தாளா இருந்தவர். தேக்கு வந்த கப்பல்ல பழக்கமும் வந்திருக்கு.

சரி, அய்யாவோட நுரையீரல் எப்படித் தப்பிச்சது?

சுருட்டுப் புகையிலை வெயிலிலும் காத்திலும் மெதுவா காய்ஞ்சு, பாடம் ஆகிறது. அதுக்குள்ள இலையில் இருக்கிற சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துபோகும். அதனால புகை காரத்தன்மையோட வரும். கார நிலையில் நிக்கோடின் வாய்க்குள்ள இருக்கிற சவ்வு வழியாவே ரத்தத்தில் சேர்ந்துடும். நெஞ்சுக்குள் இழுத்தா தொண்டை எரியும், இருமல் பிடுங்கும். அதனால சுருட்டு குடிக்கிறவங்க புகையை வாயில் வெச்சிருந்து ஊதிடுவாங்க.

ஆனா அதுக்கான விலையை வாய் கொடுக்கும். கன்னம், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய். வட ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் 'சுட்டா'வை எரியும் முனை வாய்க்குள்ள இருக்கும்படி குடிக்கிற வழக்கம் உண்டு. அங்கே மேலண்ணத்தில் புற்று வரும். "எங்க அய்யாவுக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்ல நிறைய பேரன்கள் வருவாங்க. ஆன அய்யாக்கள் பேரனைப் பார்க்கவே இருந்திருக்க மாட்டாங்க.

அடுத்தது சிகரெட். இதோட கதை 1839ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடங்குது. ஸ்டீபன்னு ஒரு அடிமைத் தொழிலாளி. புகையிலைக் கொட்டகையில் நெருப்பைப் பார்த்துக்கிறது அவர் வேலை. ராத்திரி தூங்கிட்டார், நெருப்பு அணையப் போச்சு. பதறிப்போய் கரியை அள்ளிப் போட்டார். திடீர்னு ஏறின சூட்டில் இலை பளிச்சுனு மஞ்சளா காய்ஞ்சது. அப்புறம் அதையே முறையாக்கி, குழாய் வழியா சூடு ஏத்தி உலர்த்த ஆரம்பிச்சாங்க.

இப்படி வேகமா காயும்போது சர்க்கரை இலையிலேயே தங்கிடும். புகை அமிலத்தன்மைக்கு மாறும். தொண்டையில் உறுத்தாது. ஆனா அமில நிலையில் வாய் நிக்கோடினைச் சரியா உறிஞ்சாது. வேணும்னா நெஞ்சுக்குள்ள இழுத்தே ஆகணும்.

முதல்ல வாய், அப்புறம் நுரையீரல். தம்பி பெருமையா சொன்ன 'மௌத் டு லங்' இதுதான். சிகரெட்டை இழுக்கிற முறைக்கு வேப்காரங்க வெச்ச பேர்.

நுரையீரல் வழியா போன நிக்கோடின் சில விநாடிகளில் மூளைக்குப் போயிடும். அடிமைத்தனத்துக்கு இந்த வேகம்தான் அடிப்படை. 1881ல் பான்சாக் சிகரெட் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1910ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி வந்தது. 1950ல் டாலும் ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ஞ்சு, நுரையீரல் புற்றுக்கும் புகைக்கும் உள்ள தொடர்பை எழுதினாங்க. இடையில் எத்தனை பேர் செத்தாங்கன்னு யார் எண்ணினா?

வேப் ஒரு நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். சீன மருந்தாளுநர் ஹோன் லிக், தானும் புகைப்பவர். அவர் அப்பாவும் புகைப்பவர், நுரையீரல் புற்றில் இறந்தவர். 2003 வாக்கில் ஹோன் லிக் இந்தக் கருவியை உருவாக்கினார். ஆரம்ப கால திரவத்தில் நிக்கோடினைக் கூட்டினா தொண்டை எரிஞ்சது. 2015ல் வந்த ஜூல், நிக்கோடினோட பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்தது. எரிச்சல் போச்சு. கொட்டகையில் தற்செயலா நடந்ததை ஆய்வகத்தில் தெரிஞ்சே செஞ்சாங்க.

இப்ப மேஜையில் இருக்கிற டேங்க். நல்லதையும் சொல்லணும். மௌத் டு லங் டேங்க்கில் காத்து போற துளை சின்னது, காயிலின் மின்தடை அதிகம், 10 - 15 வாட்டில் வேலை நடக்கும். நேரா நெஞ்சுக்கு இழுக்கிற வகைக்கு 50 வாட்டும் தாண்டும். அதோட ஒப்பிட்டா ஒரு இழுப்புக்கு ஆவி கம்மிதான். ஆனா அதை ஈடுகட்ட நிக்கோடின் அதிகமான திரவத்தைத்தான் இதில் ஊத்துவாங்க. கணக்கு சரியாப் போச்சா?

'நானே மாத்திக்குவேன்'கிறதுலதான் எனக்குப் பயம். காயில் கம்பி, ஹீட்டரில் இருக்கிற மாதிரி இரும்பு, குரோமியம் கலந்த உலோகம். ஒரு சுத்து நெருங்கி இருந்தாலோ, பஞ்சு கொஞ்சம் காய்ஞ்சாலோ சூடு எகிறும். அப்போ திரவம் சிதைஞ்சு ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் வரும். எந்த ஆய்வகமும் உங்க கைச் சுத்தலைச் சோதிச்சுப் பார்க்கலை.

"பிரிட்டனில் டாக்டர்களே வேப் கொடுக்கிறாங்களே சார்?" ஆமா, சிகரெட்டை விடுறதுக்கு. அங்கே மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின், 2 மில்லி டேங்க்னு சட்டம் வரம்பு போட்டிருக்கு. முழுசா மாறினவங்களுக்கு சிகரெட்டைவிட நச்சு கம்மி, மறுக்கல. வரம்பில்லாத சரக்கு என்ன செய்யும்னு 2019ல் அமெரிக்கா பார்த்தது. 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர் மருத்துவமனையில், 68 பேர் மரணம். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளத் திரவத்தில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்.

இங்கே தமிழ்நாடு 2018லயே தடை போட்டது. 2019ல் நாடு முழுக்கச் சட்டம். விற்பனை, இறக்குமதி முதல் முறை பிடிபட்டா ஒரு வருஷம் வரை சிறை, இல்லைன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டுமே கூட. அதனால இங்கே கைக்கு வர்ற எல்லாமே கள்ளச் சரக்கு. பாட்டில்ல என்ன இருக்குன்னு லேபிளை நம்பிச் சொல்ல முடியாது.

தம்பி கொஞ்ச நேரம் பேசலை. "அப்ப பஞ்சை மட்டும் நல்லதா மாத்தினா போதுமா சார்?"ன்னார். சிரிப்பு வந்துடுச்சு.

நிக்கோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தேன். ஸ்வீடனில் உருவாகி 1978ல் சுவிட்சர்லாந்தில் முதல்ல அனுமதி வாங்கினது. அதில் சோடியம் கார்பனேட் சேர்த்திருக்கும். வாயைக் காரமாக்கி, நிக்கோடினைக் கன்னம் வழியாவே மெதுவா உள்ளே அனுப்பும். அய்யாவோட சுருட்டு வேலை செஞ்ச அதே வழி, புகை மட்டும் கிடையாது. மென்னுகிட்டே இருக்கக் கூடாது. சுள்ளுனு வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கணும். அதுக்கு முன்னால கால் மணி நேரம் காபி கூடாது, அமிலம் அதைக் கெடுத்துடும்.

காரைக்குடிக்காரர்கிட்ட காபி கூடாதுன்னதும் முகம் மாறிப்போச்சு. டேங்க்கை எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கிட்டார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கேன். நேர்ல வர முடியாதவங்களுக்கு இலவச உதவி எண்: 1800 11 2356.