மருந்தும் மொழியும்

போதைக்கு அடிமைப்பட்டவனை மீட்பது மருந்தா, அன்றி மனந்திறந்த உரையாடலா என்னும் வினா மருத்துவ உலகில் நெடுங்காலமாக எழுந்து வருவதாகும். இவ்வினாவின் வரலாறு விந்தையானது. அதன் தொடக்கத்தில், இரு பக்கத்திற்கும் உரியவராக ஒருவரே நிற்கின்றார்.

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைவாழ் மக்கள், நம்மவர் வெற்றிலை மெல்லுவதுபோல, கொக்கா இலையைத் தொன்றுதொட்டு மென்று வந்தனர். அவ்விலையிலிருந்து 1860 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான அல்பேட் நீமன் கொக்கெயினைப் பிரித்தெடுத்தார். இலையில் மெல்லெனச் செயற்பட்ட பொருள் தூளானபோது கொடிதாயிற்று. ஆயினும் அக்கொடுமை உடனே புலப்படவில்லை. 1884 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து இளம் வைத்தியர் சிக்மண்ட் புரொய்ட் அதனைப் புகழ்ந்து கட்டுரை வரைந்தார். மோர்பின் பழக்கத்தை அது நீக்கும் என நம்பித் தம் நண்பர் ஏர்ன்ஸ்ட் பிளைஷ்லுக்கும் அளித்தார். நண்பரோ மோர்பினோடு கொக்கெயினுக்கும் அடிமையாகி, 1891 இல் தமது நாற்பத்தைந்தாம் வயதில் உயிர்நீத்தார். அதே புரொய்ட், மூத்த வைத்தியர் யோசப் புரொயருடன் இணைந்து 1895 இல் வெளியிட்ட நூலிலேதான், மனத்துயரைப் பேசித் தணிக்கும் முறை உலகுக்கு விரிவாக எடுத்துரைக்கப்பட்டது.

மருந்தும் பேச்சும் ஒன்றையொன்று நாட நெடுங்காலம் சென்றது. 1948 இல் கொப்பனேகனில் ஹால்ட், யாக்கொப்சன் என்னும் இருவர் டைசல்பிராம் என்னும் மருந்தைக் குடிநோய்க்குப் பயன்படுத்தலாமெனக் காட்டினர். அதனை உட்கொண்டவன் மதுவருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுப்பான். ஆனால், குடியை விட விரும்பாதவன் மருந்தை விட்டுவிடுவான் அன்றோ? விருப்பத்தை விளைவிப்பது மாத்திரையின் வேலையன்று. அங்கேதான் பேச்சின் தேவை புலப்பட்டது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கத்லீன் கரோல் என்னும் அம்மையார் இம்மருந்தையும் பேச்சையும் இணைத்துக் கொக்கெயின் நோயாளரிடத்தே சோதித்தார். எவருடன், எப்பொழுது, எத்தகைய மனநிலையில் வேட்கை எழுகின்றது என்பதை நோயாளரே கண்டறிந்து, அதனைக் கடக்க முன்கூட்டியே பயில்வது அவர் கையாண்ட பேச்சுமுறை. 121 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2004 இல் வெளிவந்த ஆய்வில், மருந்தும் இம்முறையும் தனித்தனியே பயன் தந்தமை தெரியவந்தது. பிந்திய ஆய்வுகளெல்லாம் மருந்தின் பயனை ஒருமுகமாக உறுதிசெய்யவில்லை. கொக்கெயின் அடிமைத்தனத்துக்கென அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றும் இல்லை.

வன்னி மண்ணுக்கு இவ்வரலாறு அந்நியமன்று. இங்கே இடர் விளைப்பது கொக்கெயினைவிடக் கசிப்பும், கஞ்சாவும், ஹெரோயினும், ஐஸ் என்னும் புதிய நஞ்சுமாகும். ஐஸ் கொக்கெயினைப் போலவே நரம்பைக் கிளர்த்துவது. அதற்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்தில்லை. ஆகவே அங்கே உளவளத்துணையே பெருஞ்சுமையைத் தாங்கவேண்டியதாகின்றது. கசிப்பின் நிலை வேறு. நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் வைத்தியசாலையும் மருந்தும் வேண்டும். ஆயின் சில நாளில் உடல் தேறியவனை அவ்வளவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நோய் தீர்ந்ததாகாது.

2009 இல் முல்லைத்தீவுக் கடற்கரையிலே போர் முடிந்தபோது, உயிர்தப்பியோரிற் பெருந்தொகையினர் வவுனியாவின் மெனிக் பாம் முகாம்களை அடைந்தனர். அம்மக்களின் கூட்டு மனவடுவை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் ஆராய்ந்து எழுதினார். பிள்ளையை இழந்து உறக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கிய தந்தைக்குக் குடி ஒரு நோய்; இழப்போ அதற்கு முந்திய நோய். முன்னதற்கு மருந்துண்டு. பின்னதற்குப் பொறுமையோடு கேட்கும் செவியும், அருகே அமரும் குடும்பமும் வேண்டும். இவ்விரண்டும் கிட்டாதவன் மீண்டும் கசிப்பையே நாடினால், அக்குற்றம் அவனொருவனுடையதன்று.