பீரங்கியாய்ப் பிறந்த மந்திரவாதி

கதைகளில் மந்திரவாதியும் வாள்வீரனும் எதிர்ப்படும்போது, இன்னார்தான் வெல்லவேண்டும் என்று கதாசிரியன் தன் இஷ்டப்படி தீர்மானித்துவிட்டு, அதற்காக எவருக்கும் கணக்குக் காட்டாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். ஆனால் அவ்விருவரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்த இரு நண்பர்கள் ஏற்றுக்கொண்டு, பகடை உருட்டி ஆடும்போது, ஒருவனுடைய பாத்திரம் ஒரே உச்சாடனத்தால் இருபது பகைவரைச் சாம்பலாக்க, மற்றவனுடைய பாத்திரம் வாளை ஒருமுறை வீசிவிட்டு மறுபடி தன் முறை வரும்வரை வேடிக்கை பார்த்திருக்குமானால், கற்பனை விவகாரமாக இருந்தது நியாய விவகாரமாகிவிடுகிறது. பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் ஐம்பது ஆண்டுகளாகத் தீராமல் நடந்துவரும் இவ்வழக்கின் மூலத்தை விசாரித்துக்கொண்டு போனால், நாம் சென்று நிற்பது ஒரு பீரங்கியின் முன்னால்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வசித்த கேரி கைகாக்ஸ், சிகாகோ நகரத்தில் இன்ஷூரன்ஸ் உத்தியோகம் பார்த்தவர்; 1970-இல் அவ்வேலை போனபிறகு செருப்புத் தைத்தும் பிழைத்தவர். ஆபத்துக்கு விலை கணிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் இந்த விளையாட்டின் பிரம்மாக்களில் ஒருவரானது தற்செயல்தான் என்றாலும், பொருத்தமான தற்செயல். அவரும் ஜெஃப் பெரன் என்பவரும் சேர்ந்து 1971-இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்ற சிறு நூல், பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் அணிவகுத்து மத்தியகால யுத்தங்களை நடத்துவதற்கான விதிகளைக் கூறுவது. அதன் பிற்சேர்க்கையாக டிராகன்களும் வீரபுருஷர்களும் மந்திரவாதிகளும் வந்து சேர்ந்தபோது, மந்திரவாதியின் சக்தியை அளப்பதற்குப் புதிதாக ஓர் அளவுகோலைத் தேடாமல், யுத்த விதிகளில் ஏற்கெனவே இருந்ததையே ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள்: அவன் எறியும் நெருப்புக்கோளம் பெரிய கவண்பொறியின் கல் விழும் பரப்பை எரிக்கும், அவன் ஏவும் மின்னல் கனத்த பீரங்கியின் குண்டு பாயும் பரப்பைத் தாக்கும். வீரபுருஷனோ நான்கு சிப்பாய்களுக்குச் சமம், மகாவீரன் எட்டுப் பேருக்குச் சமம் என்று எண்ணிக்கையில் மதிப்பிடப்பட்டான். ஆக, ஒருவன் மனிதர்களின் தொகை, மற்றவன் யந்திரம். படைக்களத்தில் இந்த ஏற்பாட்டினால் எந்த அநீதியும் நேரவில்லை. பீரங்கியையும் காலாட்படையையும் ஒரே தளபதி நடத்துகையில், பீரங்கிக்குப் பொறாமைப்படக் காலாட்படைக்கு ஆளில்லை.

மினியாபொலிஸ் பகுதியைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன், ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு படையைத் தராமல் ஒரே ஒரு பாத்திரத்தைத் தந்து, தாம் கற்பித்த பிளாக்மூர் என்னும் தேசத்தில் உலவவிட்டபோதுதான் சிக்கல் முளைத்தது. அவரும் கைகாக்ஸும் கூடி 1974-இல் மூன்று சிறு புத்தகங்களாகப் பெட்டியில் அடைத்து, பத்து டாலர் விலையில், ஆயிரம் பிரதிகள் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தில், போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே வகுப்புகள் இருந்தன. பீரங்கி இப்போது ஓர் ஆட்டக்காரனின் சொந்தப் பாத்திரம். அதைக் காக்கும் காலாள் இன்னொருவனுடைய பாத்திரம். இந்த இருவரையும் ஒரே மேசையில் இருத்திவைக்கக் கைகாக்ஸ் கையாண்ட முதல் உபாயம், ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ என்னும் நூலிலிருந்து பெற்றது. அங்கே மந்திரவாதி ஏட்டைப் பார்த்துச் சில மந்திரங்களைப் பிரயாசைப்பட்டு மனத்தில் ஏற்றிக்கொள்கிறான். உச்சரித்த கணத்தில் மந்திரம் மனத்தைவிட்டு அழிந்துபோகிறது. மறுபடி ஏட்டை எடுக்கவேண்டும். கணக்குப் பார்க்கிறவனுக்கு இதைவிடச் சௌகரியமான மாயம் வேறு கிடையாது. அநுபவத்தால் ஒவ்வொன்றாக ஏறவேண்டிய படிகளில், முதற்படி மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். அதைப் பிரயோகித்துவிட்டால், பிறகு அவன் கவசமில்லாத, கத்தி ஒன்று மட்டும் ஏந்திய சாமானியன்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டென்பது என் அபிப்பிராயம். கைகாக்ஸ் விரும்பிப் படித்த ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர் முதலானோரின் கதைகளில் நாயகர்கள் வாளேந்தியவர்களே. சூனியக்காரர்கள் பெரும்பாலும் அந்த வாளுக்கு இரையாவதற்காகவே பிறந்தவர்கள். ஹோவர்டின் வாள்வீரனான கோனனைத் தலைவனாக நினைத்துச் செய்த ஆட்டத்தில் கோனனை மந்திரவாதி பரிகசிக்கும் நிலை வந்துவிடக்கூடாது என்ற கவலை, அவர் விதித்த ஒவ்வொரு கட்டுப்பாட்டிலும் தெரிகிறது.

அக்கட்டுப்பாடுகள் உச்சநிலை அடைந்தது 1978-இல் ஆட்டக்காரர் கையேடும், 1979-இல் ஆட்டத்தை நடத்துபவருக்கான நூலும் வெளிவந்த காலத்தில். போர்வீரனின் உயிர்ப்புள்ளிகளுக்குப் பத்துமுகப் பகடை, மந்திரவாதிக்கு நான்முகப் பகடை. ஆகவே முதற்படியில் ஒரே அம்பினால் மாண்டுபோன மந்திரவாதிகளின் தொகை கொஞ்சமாக இராது. உச்சாடனத்தின் நடுவே அடி பட்டால் மந்திரம் வீணாகும். நெருப்புக்கோளம் 33,000 கனஅடி இடத்தை நிரப்பியே தீருமாதலால், குறுகிய சுரங்கத்தில் எறிந்தால் அது எறிந்தவன் மீதே திரும்பிப் பாயும். மின்னல் சுவரில் பட்டுத் திரும்பும். வேகத்தைப் பெருக்கும் மந்திரம், அதைப் பெற்றவனின் ஆயுளில் ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளும். கணத்தில் ஊர்விட்டு ஊர் பாயும் மந்திரம் குறி தவறினால், பாய்ந்தவன் பூமிக்குள் புதைந்து மாளலாம். இவ்வளவுக்கும் மேலாக, எந்த மந்திரத்தைக் கற்பதற்கும் முதலில் அது எங்கேயாவது அகப்படவேண்டும். அகப்பட்டபின் புத்தியில் ஏறுமா என்று பகடையைக் கேட்கவேண்டும்.

மந்திரவாதி மெதுவாகவே படியேறுவான், அதனால்தான் சமநிலை நின்றது என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லிக் கேட்பதுண்டு. 1978-ஆம் ஆண்டு அட்டவணையை எடுத்துப் பார்த்தால் அந்தக் கூற்று பாதிதான் தேறுகிறது. இரண்டாம் படிக்குப் போர்வீரனுக்கு 2,001 அநுபவப் புள்ளிகள், மந்திரவாதிக்கு 2,501. ஐந்தாம் படிக்கு 18,001, 22,501. ஆனால் ஏழாம் படியில் கணக்குத் தலைகீழாகிறது: வீரனுக்கு 70,001, மந்திரவாதிக்கு 60,001. ஒன்பதாம் படியில் வீரனிடம் 250,001 கேட்கும் அட்டவணை, மந்திரவாதியிடம் 135,001 பெற்றுக்கொண்டு திருப்தியடைகிறது. நெருப்புக்கோளத்தை எட்டிப் பிடிக்கும்வரை தவழவிட்டு, பிடித்தபின் ஓடவிட்டிருக்கிறார்கள். எனவே சமநிலையைக் காத்தது அட்டவணையாக இருக்கமுடியாது.

அதைக் காத்தவற்றில், பலரும் மறந்துபோன ஒன்று போர்வீரனின் பக்கத்திலேயே இருந்தது. ஒன்பதாம் படியில் பிரபு என்று பட்டம் பெறும் வீரன், காட்டைத் திருத்திக் கோட்டை கட்டினானானால், அவன் கொடியின்கீழ் ஒரு தளபதியும் ஒரு சிறு படையும் தாமாக வந்து சேரும். அவன் நிலத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் மாதம் ஏழு வெள்ளிக்காசு வரியாக வரும். மந்திரவாதி தன்னந்தனியனாய் வளர, வீரன் ராஜ்யமாய் வளர்ந்தான். மந்திர வாள்களை ஏந்தும் உரிமை மந்திரவாதிக்கு இல்லை, அவனுக்கு இருந்தது. உயர்ந்த படிகளில் சாபங்களையும் மாயங்களையும் தாங்கி நிற்கும் உறுதியும் அவனுக்கு வாய்த்தது. கைகாக்ஸின் நண்பர் ராப் குன்ட்ஸ் ஏற்று ஆடிய ரோபிலர் என்னும் போர்வீரன், எண்ணற்ற ஆட்டக்காரர்களைப் பலிகொண்டதாகப் பேர்போன ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற சமாதிக்குள், தன் ஏவலில் இருந்த ஓர்க் என்னும் அரக்கர்களை ஒருவர்பின் ஒருவராக முன்னே அனுப்பிப் பொறிகளை அவர்கள் தலையில் விழச்செய்து, கடைசி அறைவரை சென்று புதையலோடு மீண்டான். தர்மத்தின் கண்கொண்டு பார்த்தால் இது மகாபாதகம். வீரனின் சக்தி ஆட்பலத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இதற்கிடையே வேறு வழி கண்டவர்களும் இருந்தார்கள். கென் செயின்ட் ஆண்ட்ரே 1975-இல் இயற்றிய ‘டனல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’ ஆட்டத்தில் மந்திரவாதி மறப்பதில்லை, களைத்துப்போகிறான். ஒவ்வொரு மந்திரமும் அவன் உடல்வலிமையிலிருந்து கழிக்கப்படும். 1978-இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ வகுப்புகளையே ஒழித்து, வாளேந்தியவனுக்கும் நாலு மந்திரம் தெரியட்டும் என்று விட்டது. என் மனத்துக்கு மிகவும் பிடித்தது, ஜொனாதன் ட்வீட்டும் மார்க் ரைன்ஹேகனும் 1987-இல் படைத்த ‘ஆர்ஸ் மாஜிக்கா’ காட்டிய துணிச்சல். மந்திரவாதி மற்றவர்களைவிட உயர்ந்தவன்தான் என்று அந்நூல் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டக்காரனும் ஒருநாள் மந்திரவாதியாகவும் மறுநாள் அவனுக்குத் துணைவனாகவும் பிறிதொருநாள் வெறும் காவற்காரனாகவும் மாறிமாறி ஆடவேண்டும் என்று ஏற்பாடு செய்தது. பாத்திரங்களுக்குள் சமத்துவம் இல்லை, ஆடுகிறவர்களுக்குள் உண்டு.

அதே ட்வீட், மாண்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பை அமைத்தபோது, பழைய விதிகளில் முரடாகவும் புரியாததாகவும் இருந்தவற்றை எல்லாம் செப்பனிட்டார். எல்லா வகுப்புக்கும் ஒரே அநுபவ அட்டவணை. எதிரி பக்கத்திலேயே நின்றாலும் நிதானமாக உச்சரித்து முடிக்க ஒரு பகடை வீச்சு. நெருப்புக்கோளம் இனித் திரும்பிப் பாயாது, மின்னல் சுவரில் மோதித் திரும்பாது. முன்பு உயர்ந்த படிகளை எட்டியவனே செய்யத்தக்கதாக இருந்த மந்திரச் சுவடியை முதற்படி மந்திரவாதியே எழுதிக்கொள்ளலாம். முதற்படி மந்திரம் ஒன்றை ஐம்பது முறை பிரயோகிக்கத்தக்க கோல் 750 பொற்காசுக்குக் கிடைக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான சீர்திருத்தம். எந்தத் திருத்தத்தையும் நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் பழைய விதிகளின் கரடுமுரடுகள்தாம் மந்திரவாதி செலுத்திவந்த விலை என்பதையும், கோட்டையும் படையும் வெறும் அலங்காரமல்ல, வீரனின் பங்கு என்பதையும் எவரும் ஒருங்கே நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோட்டையும் சேனையும் போனபின், உயர்ந்த படிப் போர்வீரனுக்கு எஞ்சியது ஒரு சுற்றில் நான்கு வெட்டு வெட்டும் உரிமை. வீரன் நேர்கோட்டில் வளர்கிறான், மந்திரவாதியோ வர்க்கத்தில் வளர்கிறான் என்ற புகார் ஊரெங்கும் ஒலித்த காலம் இது.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு வழக்கை ஒரே வீச்சில் முடிக்க முயன்றது. வீரனுக்கும் மந்திரவாதிக்கும் மதகுருவுக்கும் ஒரே மாதிரியான சக்திப் பட்டியல்: எப்போதும் பிரயோகிக்கத்தக்கவை, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. கணக்கு ஒத்துப்போயிற்று, ஆனால் எல்லாரும் ஒரே ஆளாகிவிட்டார்களே என்று பலர் முகம் சுளித்தார்கள். மூன்றாம் பதிப்பின் வழியிலேயே நடந்து 2009-இல் வெளிவந்த ‘பாத்ஃபைண்டர்’, அவர்களில் கணிசமானோரை இழுத்துக்கொண்டது. சமநிலை வேண்டும் என்று வழக்காடியவர்கள், அது கிடைத்தபோது அதன் முகம் பிடிக்கவில்லை என்றார்கள்.

2014-இன் ஐந்தாம் பதிப்பு, பழைய விலைகளில் ஒன்றை மட்டும் வேறு உருவில் திரும்பக் கொண்டுவந்தது. நீடித்து நிற்கும் மந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மனத்தின் ஏகாக்ரம் வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றன்மீதுதான் மனத்தை நிறுத்தலாம். அடி விழுந்தால் அது கலையலாம். மூன்றாம் பதிப்பில் ஐந்தாறு காப்பு மந்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு திரிந்தவனை இந்த ஒரே விதி பாதியாகக் குறைத்துவிட்டது. பதிலுக்கு, எத்தனை முறையும் எறியத்தக்க சிறு மந்திரங்களை அவனுக்குத் தந்தார்கள்; கத்தி ஏந்தி நிற்கும் சாமானியனாக இனி அவன் ஒருநாளும் ஆகமாட்டான். 2024-இல் திருத்திய கையேடு ஆயுதப் பயிற்சிக்குப் புதிய பயன்களைச் சேர்த்து, போர்வீரன் வெட்டும்போதே எதிரியைப் பின்தள்ளவும் வீழ்த்தவும் வழிசெய்தது. நினைத்ததை நினைத்தபடி நடத்தும் ஒன்பதாம் நிலை மந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போர்வீரனின் கோட்டையை, அவனுக்கு மட்டுமே உரிய பங்காக, இந்த ஆட்டத்தில் இன்னும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.